துரைக்கு வந்த வண்டி

உலகத்திலேயே கஷ்டமான வேலை எது என்று கேட்டால் பிளெஸ்ஸி யோசிக்காமல் சொல்வாள்: சும்மா இருப்பது.

வகுப்பில் பக்கத்துப் பிள்ளை விடை தெரியாமல் விழித்தால், இவள் நாக்கு நுனியில் விடை வந்து நின்று குதிக்கும். பஸ்ஸில் யாராவது ஜன்னலைத் திறக்க முடியாமல் திணறினால், இவள் கை நமநமக்கும். யாரோ தடுமாறுகிறார்கள் என்றாலே அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுக்கும். ஓடிப்போய் உதவி செய்தால்தான் அது அடங்கும்.

அப்படிப்பட்ட பிளெஸ்ஸியிடம்தான் அக்கா ஷர்லி, "நீ என்கூட வரலாம். ஆனா வாயத் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டாள்.

ஷர்லி திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். இந்த விடுமுறையில் அங்கே ஒரு கம்பெனியில் அவளுக்கு இன்டர்ன்ஷிப். அந்தக் கம்பெனி செல்போனுக்கு ஒரு செயலி செய்திருந்தது. ஆடு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதில் பதிவு செய்தால் போதும், மறுநாள் மாட்டு டாக்டரின் வண்டி வாசலுக்கே வந்துவிடும். ஆனால் நிறையப் பேர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கம்பெனிக்குப் புரியவில்லை. தன் சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டை ஜனங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஷர்லி சொல்ல வேண்டும்.

"பாக்குறது ஒரு வேலையா?" என்று கேட்டார் அப்பா ஆரோக்கியதாஸ். "அதுக்குப் பேரு வேற ஷிப்பு. நான் கப்பல் வேலைன்னுல்ல நெனச்சேன்."

"சொல்லிக் குடுக்காமப் பாக்கணும்ப்பா. அதான் கஷ்டம்," என்றாள் ஷர்லி.

முதலில் அடுத்த தெரு சின்னப்பிள்ளை அத்தை வீட்டுக்குப் போனார்கள். அத்தை ஒரு கிடாக்குட்டி வளர்த்தார். தரையில் விழுந்த தழையை அது முகர்ந்துகூடப் பார்க்காது. கையில் பிடித்துக் கொடுத்தால்தான் தின்னும். அதனால் அதற்குத் துரை என்று பெயர். துரை இரண்டு நாளாக முன்னங்காலை நொண்டிக்கொண்டிருந்தது.

அத்தை போனை வாங்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆட்டுப் படத்தைத் தொட்டார். 'கால் வலி' என்பதைத் தொட்டார். துரையைப் போட்டோ எடுத்தார். அதற்கு முன் அதன் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டார்.

கடைசியாகத் திரையில் துரையின் படம் வந்தது. அதற்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டன். அதன் மேல் அத்தையின் விரல் அப்படியே நின்றது.

பிளெஸ்ஸி காத்திருந்தாள். அத்தை பட்டனைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். மறுபடி பட்டனைப் பார்த்தார். பிளெஸ்ஸியின் வயிற்றுக்குள் அது புரள ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் துரை ஷர்லியின் துப்பட்டாவைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. "ஏய், விடு, விடு," என்று ஷர்லி அதோடு இழுபறியில் இருந்தாள்.

"அவ்வளவுதான் அத்தே, அமுக்குங்க," என்று மெதுவாகச் சொல்லிய பிளெஸ்ஸி, அத்தையின் விரலைப் பிடித்து அமுக்கியேவிட்டாள். போன் 'டிங்' என்றது. வயிற்றுக்குள் புரண்டது அடங்கியது.

ஷர்லி பாதித் துப்பட்டாவோடு திரும்பி வந்தாள். "முடிச்சிட்டீங்களா அத்தே? எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லாருக்குத்தா," என்றார் அத்தை. ஆனால் அவர் முகம் நன்றாக இல்லை. "இருங்க, காப்பித்தண்ணி போடுறேன்."

மறுநாள் சாயங்காலம் ஷர்லிக்குக் கம்பெனி சாரிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அத்தை வீட்டுக்கு டாக்டர் வண்டி போயிருக்கு. இங்க ஆடே இல்ல, போங்கன்னுட்டாங்களாம். கணக்குக் காட்ட நானே பொய்யாப் பதிவு பண்ணிட்டேன்னு சார் நெனக்கிறாரு. நாளைக்குக் கூட்டத்துல காரணம் சொல்லலன்னா என்னை நிறுத்திருவாங்க."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பிளெஸ்ஸிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது உதவி செய்யாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் அமுக்குனேன்க்கா. அத்தை ரொம்ப நேரம் முழிச்சுக்கிட்டே இருந்தாங்க. பாவமா இருந்துச்சு."

ஷர்லி திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த முழிக்கிறதத்தான்டி நான் பாக்க வந்தேன்."

இருவரும் உடனே அத்தை வீட்டுக்குப் போனார்கள். வாசல் வேப்பமரத்தடியில் துரையைக் காணோம்.

"ஆடு எங்க அத்தே?"

"அதுவா? அன்னவாசல்ல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பியாச்சு."

வீட்டுக்குள்ளிருந்து "ம்ம்மே" என்று சத்தம் வந்தது.

"டிவியில," என்றார் அத்தை.

"செயலி பிடிக்கலையா அத்தே? கஷ்டமா இருந்துச்சா?"

"சே சே. ரொம்ப நல்லாருக்குத்தா. காப்பி குடிக்கிறீங்களா?"

இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். பிளெஸ்ஸி யோசித்துக்கொண்டே வந்தாள். அத்தைக்கு அக்கா மேல் பிரியம். அதனால்தான் அக்கா என்ன கேட்டாலும் நல்லாருக்கு என்கிறார். கேட்கக் கேட்க நல்லாருக்குதான் வரும். அப்படியென்றால் கேட்காமல் இருந்தால் என்ன வரும்?

பிளெஸ்ஸி வழியில் கொஞ்சம் வேப்பந்தழை ஒடித்துக்கொண்டு தனியாகத் திரும்பிப் போனாள்.

"அத்தே, டிவிக்குத் தழை கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாடி உள்ள. கதவச் சாத்திட்டு வா."

துரை அடுப்படி ஓரத்தில், மடித்த சாக்கின் மேல் ராஜா மாதிரி படுத்திருந்தது. கால் முன்பைவிட வீங்கியிருந்தது. பிளெஸ்ஸி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொத்தாகக் கையில் பிடித்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை பாத்திரத்தை ஒதுக்கி வைத்தார். பிளெஸ்ஸியின் வாய்க்குள் கேள்விகள் முட்டி மோதின. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தை விளக்குமாற்றை இங்கிட்டிருந்து எடுத்து அங்கிட்டு வைத்தார். பிளெஸ்ஸி அப்போதும் பேசவில்லை. முதலில் அந்த அமைதி குத்தியது. பிறகு அது அத்தைக்கு விட்டுக்கொடுத்த இடம் போலத் தோன்றியது. பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இன்னொருவர் வந்து உட்கார்வாரே, அது மாதிரி.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏத்தா பிளெஸ்ஸி, அமுக்குனதத் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

பிளெஸ்ஸி அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பட்டன்ல சமர்ப்பின்னு போட்டிருந்துச்சு. மேல நம்ம துரை படம், கீழ சமர்ப்பி. அய்யனார் கோயிலுக்குத்தானே கிடாய நேந்து சமர்ப்பிப்பாங்க? எனக்குப் பக்குனு ஆயிருச்சு. நீ வேற விரலப் பிடிச்சு அமுக்கிட்ட. மறுநாளே வாசல்ல வண்டி வந்து நிக்கிது. பின்னாடி கதவு வேற தொறந்திருக்கு. எம்புள்ளய ஏத்திக்கிட்டுப் போறதுக்கா நான் போட்டோ எடுத்தேன்?"

பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு பொங்கியது. ஆனால் அத்தையின் கை துரையின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளேயே கரைந்தது. ஒரு ராத்திரி முழுக்க அத்தை இந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். அமுக்கியது பிளெஸ்ஸியின் கை.

"தப்பு என்னோடது அத்தே. நான் அவசரப்பட்டுட்டேன். அது சாமிக்கு இல்ல. நீங்க நிரப்புனத டாக்டருக்கு அனுப்புற பட்டன். காலப் பாக்கத்தான் வண்டி வந்துச்சு."

"அதுக்கு எதுக்குச் சமர்ப்பிக்கணும்? டாக்டர வரச் சொல்லுன்னு போட வேண்டியதுதானே."

பிளெஸ்ஸி துள்ளி எழுந்தாள். மிச்சத் தழை கீழே விழுந்தது. துரை அதை வெறுப்போடு பார்த்தது.

வெள்ளிக்கிழமை ஷர்லி வீட்டிலிருந்தே போனில் கூட்டத்தில் பேசினாள். பிளெஸ்ஸி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், தங்கை அமுக்கியது உட்பட.

"நல்ல தமிழ்ச் சொல்லுன்னுதானே அதப் போட்டோம்," என்றார் சார்.

"நல்ல சொல்லுதான் சார். ஆட்டுக்குக் கீழ போட்டதுதான் தப்பு."

சார் சிரித்துவிட்டார். பிறகு, "இத எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

"நான் இல்ல சார். என் தங்கச்சி. சும்மா உக்காந்திருந்து கண்டுபிடிச்சா."

கதவுக்குப் பின்னால் பிளெஸ்ஸியின் காது இரண்டும் சூடாகின.

அன்றைக்கே டாக்டர் வண்டி மறுபடி வந்தது. துரையின் குளம்புக்குள் ஒரு கருவேல முள். எடுத்து மருந்து வைத்துக் கட்டுப் போட்டார்கள். வண்டியின் பின்கதவைச் சாத்தும் வரை அத்தை துரையைக் கீழே இறக்கவில்லை.

அடுத்த வாரம் மாற்றிய செயலியோடு ஷர்லியும் பிளெஸ்ஸியும் வந்தார்கள். துரையின் கட்டை டாக்டர் வந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஷர்லி இந்த முறை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆட்டுப் படத்தைத் தொட்டார். போட்டோ எடுத்தார். கடைசிப் பட்டன் வந்தது. இப்போது அது பச்சையாக இருந்தது. 'டாக்டரை வரச் சொல்லு' என்று எழுதியிருந்தது. அத்தையின் விரல் அதன் மேல் நின்றது.

பிளெஸ்ஸி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வயிற்றுக்குள் அது ஒரு முறை புரண்டது. புரளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அத்தை தானே அமுக்கினார். 'டிங்.'

"இது நல்லாருக்குத்தா," என்றார். இந்த முறை அவர் முகமும் நன்றாக இருந்தது. பிறகு பிளெஸ்ஸியை ஒரு மாதிரி பார்த்தார். "இந்தப் புள்ள எதுக்கு வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது? பல்லு வலியா? ஷர்லி, இதுக்கும் ஒரு பட்டன் இருந்தா அமுக்கு."

பிளெஸ்ஸி வாயிலிருந்து கையை எடுத்தாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெளியே வர, திடுக்கிட்ட துரை மூன்று காலில் ஒரு துள்ளல் துள்ளி, யோசித்துப் பார்த்து, நான்காவது காலையும் மெதுவாகத் தரையில் ஊன்றியது.