கண்ணைக் கட்டிக் காசு சொல்

ஆஸ்திரேலியாவின் கடலோர ஊரான வார்னம்பூலில் கடல்காற்று அடிக்காத நாள் குறைவு. துணியைக் கொல்லையில் காயப்போட்டால் அடுத்த தெருவில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் ஃபெர்னின் அம்மா மோரா நடத்தும் சலவைக் கடையில் ஆள் நடமாட்டம் ஓயாது. காசு போட்டால் ஒரு இயந்திரம் துவைக்கும். மறுபடி காசு போட்டால் இன்னொரு இயந்திரம் காயவைக்கும்.

சாயங்காலம் அந்த இயந்திரங்களின் காசுப் பெட்டிகளைத் திறப்பது ஃபெர்னின் வேலை. அவளுக்குப் பத்து வயது. மற்ற வேலைகளுக்கு அவளை மூன்று முறை கூப்பிட வேண்டும். இதற்கு மட்டும் கூப்பிடவே வேண்டாம். இரண்டு டாலர் காசுகளில் சிலவற்றின் நடுவே வண்ணம் இருக்கும். சிவப்பு, ஊதா, பச்சை என்று ஏதாவது ஒன்று கிடைத்தால், சாதாரணக் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு அதை அவள் வைத்துக்கொள்ளலாம்.

மோராவும் சிறுமியாக இருந்தபோது காசு சேர்த்தவள்தான். ஃபெர்ன் பிறந்த பிறகு அதற்கு நேரமில்லாமல் போனது. சேர்த்த காசுகள் இருந்த பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். மகள் சேர்க்கத் தொடங்கியதும் அந்தப் பெட்டி கீழே இறங்கிவிட்டது. இப்போது மோரா ஓட்டை போட்ட காசுகளாகத் தேடுகிறாள். பிஜித் தீவின் பழைய பென்னியின் நடுவில் அழகான ஓட்டை இருக்கும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இருவரும் சாரணர் கூடத்துக்குப் போவார்கள். ஊர்க் காசுச் சங்கம் அங்கேதான் கூடும். சங்கத் தலைவி கிளெனிஸ் கையுறை போடாமல் எந்தக் காசையும் தொட மாட்டார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோரி என்ற இளைஞன் தப்பாக அச்சடித்த காசுகளை மட்டும் வாங்குவான், நல்ல விலை வந்தால் விற்றும் விடுவான். இன்னொருவர் லெஸ். பால் லாரி ஓட்டியவர். அரைக்கால் சட்டை போட்ட வயதில் தொடங்கி, எழுபத்தெட்டு வயதிலும் பழைய ஷில்லிங் காசுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் முடியும் நேரத்தில் யாராவது ஒரு காசை லெஸ்ஸிடம் கொடுப்பார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் எந்த நாடு, என்ன காசு என்று சொல்லிவிடுவார். யாராலும் அவரை மடக்க முடிந்ததில்லை.

அந்த மாதம் கோரி ஒரு வெள்ளைக் காசை நீட்டினான். லெஸ் அதை விளக்குக்கு நேரே பிடித்தார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"நம்ம ஊர் ஷில்லிங். ஆட்டுத் தல இருக்குமே, அது," என்றார்.

கோரி விழுந்து விழுந்து சிரித்தான். "ஆடா? நல்லாப் பாருங்க லெஸ்! இது நியூசிலாந்து ஷில்லிங். கைல ஆயுதத்தோட ஒரு ஆளு குந்தியிருக்கான். அவனைப் போய் ஆடுங்கிறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்னும் சிரித்தாள். லெஸ் சிரிக்கவில்லை. காசை மேசைமேல் வைத்தார். தேநீர் பாதிக் கோப்பை மிச்சமிருந்தது. கிளெனிஸ் கொண்டுவந்த தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை.

"இனிமே வரவும் மாட்டாராம்," என்றார் கிளெனிஸ். "எல்லாக் காசையும் விக்கப் போறாராம். இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமை பல்லாரட்லேருந்து ஒரு வியாபாரி வர்றானாம்."

"நான் சும்மா கிண்டல்தானே பண்ணேன்," என்றான் கோரி. அவன் முகம் சிவந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து லெஸ் சலவைக் கடைக்கு ஒரு மூட்டைப் போர்வையோடு வந்தார். மோரா உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெர்ன் மடித்து வைக்கும் மேசைமேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

லெஸ் துணியை இயந்திரத்தில் திணித்துவிட்டு, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடியே ஒரு காசை எடுத்துப் போட்டார். இன்னொன்று எடுத்தார், அதைத் திரும்பப் பைக்குள் விட்டுவிட்டு வேறொன்று எடுத்துப் போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

ஃபெர்னின் வாயில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது.

"மிஸ்டர் லெஸ், பாக்காமலே எடுக்கிறீங்களே! எப்படி?"

"பாத்து எடுத்தாத்தான் தப்பாப் போகுது," என்றார் அவர். "கண்ணுல நடுப்பக்கம் மறைக்குது, பாப்பா. ஓரத்துல கொஞ்சம் தெரியும். உன் காது தெரியுது, மூக்கு தெரியல."

"ஆபரேஷன் பண்ண முடியாதா?"

"முடியாதுன்னுட்டாங்க. அதான் காசெல்லாம் விக்கிறேன். பாக்க முடியாத காசை வச்சு என்ன பண்றது?"

ஃபெர்ன் மேசையிலிருந்து குதித்து இறங்கி, கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள். இயந்திரங்களில் சிக்கிக்கொள்ளும் வெளிநாட்டுக் காசுகளை அவள் அதில்தான் போட்டு வைப்பாள்.

"இதையும் பாக்காமச் சொல்லுங்க, பாப்போம்."

லெஸ்ஸுக்கு மனமில்லை. ஆனாலும் துணி துவைத்து முடியும்வரை வேறு வேலையும் இல்லை. கையை நீட்டினார். ஒரு காசின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுற்றிவந்தார். "ஓரத்துல அங்கங்க பள்ளம் இருக்கு. நியூசிலாந்து இருபது சென்ட்." சரி! நடுவில் ஓட்டையைத் தொட்டதும், "பிஜி பென்னி. உங்கம்மா இன்னும் இதைப் பாக்கலையா?" என்றார். அதுவும் சரி! அடுத்ததை நீண்ட நேரம் உருட்டினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது... இது ஏதோ ரொம்பப் பழைய காசு. சீனாவா?"

ஃபெர்ன் எட்டிப் பார்த்தாள். "மிஸ்டர் லெஸ், அது பேன்ட் பொத்தான்."

லெஸ் பொத்தானை இன்னொரு முறை தடவினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஃபெர்னுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் நேரே கிளெனிஸ் வீட்டுக்குப் போய், லெஸ்ஸின் கண்ணைப் பற்றியும் தன் யோசனையையும் சொன்னாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு வெறுங்கையால தொடறதா?" கிளெனிஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "காசு என்னத்துக்கு ஆகும்? விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டாலே மங்கிடும்!"

"நல்ல காசு எதுக்கு? எங்க கடை டப்பாக் காசு போதும். எல்லார் பேன்ட்டுகூடயும் சேந்து எத்தனையோ தடவை துவைச்ச காசு. அதுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

சனிக்கிழமை அந்தப் போட்டிக்கென்றே தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம் என்று கிளெனிஸ் சம்மதித்தார். கோரி தன்னிடமுள்ள தேய்ந்த காசுகளையும் கொண்டுவருவதாகச் சொன்னான்.

லெஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெர்னும் அம்மாவும் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"கண்ணு தெரியாதவனுக்காக ஒரு போட்டியா? பாவம் பாத்து நடத்துற விளையாட்டுக்கெல்லாம் நான் வரல."

"யார் பாவம் பாத்தா?" என்றாள் ஃபெர்ன். "நான் உங்களைத் தோக்கடிக்கப் போறேன். ரெண்டு நாளா கண்ணைக் கட்டிக்கிட்டுப் பழகிட்டிருக்கேன். வேணும்னா அம்மாவைக் கேளுங்க."

"நெசந்தான்," என்றாள் மோரா. "நேத்து கண்ணைக் கட்டிக்கிட்டே நடந்துபோய் சோப்புத் தூள் மூட்டைமேல விழுந்தா. இன்னிக்கு வரைக்கும் தும்மிட்டிருக்கா."

ஃபெர்ன் சரியாக அந்த நேரத்தில் தும்மினாள்.

லெஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "என்னைத் தோக்கடிப்பியா நீ?"

"பயமா இருந்தா வராதீங்க."

"எத்தனை மணிக்கு?" என்றார் லெஸ்.

சனிக்கிழமை சாரணர் கூடத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கண்ணைக் கட்டுவதற்கு மோரா ஒரு கூடை நிறைய நீளமான கால்பந்து சாக்ஸ் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் கடையில் யாரோ விட்டுவிட்டுப் போனவை.

கோரி ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். "இது துவைச்சதுதானே?"

"சலவைக் கடைக்காரிகிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்றாள் மோரா.

"எனக்கு எதுக்கு சாக்ஸ்?" என்றார் லெஸ்.

"ஓரத்துல தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் ஃபெர்ன். "எல்லாருக்கும் ஒரே சட்டம். கட்டிக்கோங்க."

லெஸ் முணுமுணுத்தபடி மஞ்சள் சாக்ஸை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

கிளெனிஸ் நடுவர். காசு ஒவ்வொருவர் கையாகப் போகும். அது என்ன என்று கிளெனிஸின் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும்.

முதல் காசிலேயே கோரி விலகினான். அவன் பத்து சென்ட் என்று சொன்னது குழாயில் போடும் ஒரு வாஷர் வளையம்.

"அதெல்லாம் எப்படி உள்ள வந்துது?" என்று கத்தினான்.

"நான்தான் போட்டேன்," என்றார் கிளெனிஸ் அமைதியாக.

மூன்றாவது காசில் மோரா விலகினாள். பிறகு ஃபெர்னும் லெஸ்ஸும்தான் மிஞ்சினார்கள். காசு வந்தது, போனது. இருவரும் சரி. அடுத்தது, இருவரும் சரி. வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. லெஸ்ஸின் விரல்கள் மெதுவாக, நிதானமாக வேலை செய்தன. ஃபெர்னின் விரல்கள் அவசரப்பட்டன. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது அவருக்குத் தெரிந்தால் அப்புறம் தன்னோடு விளையாடவே மாட்டார் என்றும் தோன்றியது. கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த காசு வட்டமாக இல்லை. ஓரம் மூலை மூலையாக இருந்தது. லெஸ் ஒரு மூலையில் நகத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை எண்ணினார். பதினொன்று. அவர் முகம் மலர்ந்தது. கிளெனிஸின் காதில் எதையோ சொன்னார்.

ஃபெர்னும் எண்ணினாள். காசை உள்ளங்கையில் வைத்து அசைத்தாள். பெருவிரலால் தேய்த்தாள். பிறகு அவளும் சொன்னாள்.

கிளெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "லெஸ் சொன்னது கனடா ஒரு டாலர். ஃபெர்ன் சொன்னது இந்தியாவோட பழைய ரெண்டு ரூபாய். ரெண்டுக்கும் பதினொரு மூலை. ஆனா இது... ரெண்டு ரூபாய்!"

ஃபெர்ன் சாக்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றாள். "ஜெயிச்சுட்டேன்!"

லெஸ் சாக்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "ஒரு நிமிஷம். நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கனடாக் காசு இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும். அப்புறம்..." ஃபெர்னின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இது எங்க காயவைக்கிற மெஷின்ல சிக்கினது. ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா பையிலேருந்து விழுந்தது. நான்தான் எடுத்தேன்."

"அப்படிப் போடு! அவ வீட்டு டப்பா, அவ வீட்டுக் காசு!" லெஸ் மேசையைத் தட்டினார். "இதெல்லாம் ஒரு ஜெயமா? அடுத்த மாசம் மறுபடி வச்சுக்கலாம். காசு நான் கொண்டாரேன். என் ஷில்லிங் எல்லாத்தையும் கொண்டாரேன்."

கிளெனிஸ் பதறிப்போனார். "லெஸ்! உன் ஷில்லிங்கையா? வெறுங்கையால தொடவா? அறுபது வருஷமா அட்டைக்குள்ள வச்சுப் பாதுகாத்ததாச்சே!"

"நானே இன்னும் சரியாத் தொட்டுப் பாக்கல," என்றார் லெஸ். "ஒரு மாசம் இருக்கு. உக்காந்து ஒண்ணொண்ணாத் தொட்டுப் பழகணும். இந்தச் சின்னக் கழுதையை விடறதா இல்ல."

கோரி தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்தான். கூடவே பெரிய கேக் துண்டு ஒன்றையும் வைத்தான். "அன்னிக்குச் சிரிச்சது தப்பு, லெஸ்," என்றான்.

"பரவால்ல. நீ குழாய் வளையத்தைப் பத்து சென்ட்டுன்னியே, அதை நான் சாகுற வரைக்கும் சொல்லிட்டிருப்பேன்," என்றார் லெஸ்.

கேக்கைத் தின்றுமுடித்ததும் அவர் பையிலிருந்து போனை எடுத்து மோராவிடம் நீட்டினார். "பல்லாரட் வியாபாரி நம்பர் இதுல இருக்கும். போட்டுக் குடும்மா. எழுத்துதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது."

மோரா எண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

"அலோ, நான் வார்னம்பூல் லெஸ் பேசறேன். திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம். இல்ல, வேற யாருக்கும் விக்கல. எனக்கே வேணும். அடுத்த மாசம் ஒரு போட்டி இருக்கு, அதுக்குப் பழகணும்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். நாற்காலிமேல் நின்றபடி கேக் தின்றுகொண்டிருந்த ஃபெர்ன் இருந்த பக்கமாக லெஸ் தலையைத் திருப்பினார்.

"யாரோட போட்டியா? அதை மட்டும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.