யாருடைய நாற்றம்

காலையிலேயே மூத்த மருமகள் வாசனைத் திரவத்தைச் சின்னவளின் நாற்காலியைச் சுற்றி அடித்தாள். சின்னவள் அதில் உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்த ரொட்டியிலும் சாரல் விழுந்தது.

“கொமட்டுது! மீன் வெட்டுற கையோட எங்ககூட உட்காரணுமா...”

“மீன்கூடம் போன வாரத்துலேருந்து பூட்டிக் கிடக்குக்கா.”

“அப்போ ஒடம்புலயே ஊறிப்போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளின் கணவனும் சிரித்தான். நாற்றம் தாங்கவில்லை என்று படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டவன் அவன். சின்னவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

மாமியார் சிரிக்கவில்லை. “வேலையை விடு. இல்லன்னா பின்னாடி ரூம்ல தனியா சாப்பிட்டு, தனியா படுத்துக்கோ. இன்னிக்கே சொல்லிடு.”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

மாமனாருக்குக் குடல் அறுவை நடந்தபோது ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். வயிற்றில் துளையிட்டு மலப்பை பொருத்தியதைப் பார்த்தவள் சின்னவள் மட்டும்தான். “வெளிய சொல்லிடாதம்மா... உன் அத்தைக்குத் தெரிஞ்சா என்னைத் தொடக்கூட மாட்டா” என்று அவர் அழுதார். அன்றிலிருந்து, வீடு விழிக்கும் முன் அவருடைய அறைக்குப் போய்ப் பையை மாற்றிவிட்டு வருகிறாள். முதல் நாள் ஓங்கரித்தது. மறுநாளும் போனாள். இப்போது தோல் வெந்து, பை ஒட்டாமல் கசிகிறது.

“என்ன, வாயில கொழுக்கட்டையா?” என்றாள் மூத்தவள்.

அறைக் கதவு திறந்தது. மாமனார் சுவரைப் பிடித்தபடி நின்றார். பிறகு சட்டையைத் தூக்கினார்.

“நாத்தம் என்னோடது. தெனமும் இந்தப் பையை மாத்துறது சின்னவதான்.”

மாமியார் மூக்கைப் பொத்தினாள். பொத்திய கை மெல்லக் கீழே இறங்கியது. ஓடிவந்து சின்னவளைக் கட்டிக்கொண்டாள். “என் கண்ணு... ஏன்டி சொல்லலை! நாங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு...”

சின்னவள் அந்தக் கைகளை விலக்கிவிட்டு எழுந்தாள். இவ்வளவு சீக்கிரம் வந்த கண்ணீரும் அவளுக்குக் குமட்டியது.

“அழுறது அப்புறம் அத்தை. மாமாவுக்குப் பை மாத்தணும்.”

“என்னை மன்னிச்சிடு...” என்று கணவன் முன்னால் வந்தான்.

“கையைக் கழுவிட்டு வாங்க. இன்னிக்கு நீங்க மாத்துங்க.”

“நானா? எனக்கு...”

“கொமட்டும். வாயால மூச்சு விடுங்க. நாளைக்கும் கொமட்டும். நாளைக்கும் வரணும்.”

அறையில் அவன் ஓங்கரித்தான், நிறுத்தினான், மறுபடி குனிந்தான். “மெதுவாடா, கூச்சமா இருக்கு” என்று அப்பா முனகிச் சிரித்தபோது, அவன் கண்ணீரோடு அவர் முதுகைத் தாங்கிக்கொண்டான்.

சின்னவள் கை கழுவிவிட்டு மேசைக்கு வந்தாள். திரவம் படிந்த ரொட்டியை மூத்தவளின் பக்கம் தள்ளிவிட்டு, வேறொன்றை எடுத்து அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீடெங்கும் நாற்றம் அப்படியேதான் இருந்தது.

ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.