சத்தம் போடாத புகார்

கடுகின் வீட்டு முன்னறைதான் அலுவலகம். அங்கே ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் பெட்டி பெட்டியாக இயந்திரங்கள். பச்சை விளக்குகள் இரவும் பகலும் கண் சிமிட்டும். அந்தப் பெட்டிகளிலிருந்து கிளம்பும் கம்பிகள் ஜன்னல் வழியாக வெளியே போய், கம்பத்துக்குக் கம்பம் தாவி, நான்கு தெருக்களில் உள்ள வீடுகளுக்குள் நுழையும். அத்தனை வீடுகளுக்கும் இணையம் கொடுப்பது கடுகின் அம்மாதான்.

கடுகுக்குப் பத்து வயது. ஆள் சிறிசு, கேள்வி பெரிசு. அதனால்தான் எல்லாரும் அவளைக் கடுகு என்று கூப்பிட்டார்கள்.

கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் ஏணி மாமா. எங்கே போனாலும் அவர் தோளில் ஏணி இருக்கும். "தன் கல்யாணத்துக்குக்கூட ஏணியோடதான் வந்தாரு" என்று அம்மா கிண்டல் செய்வார். கடுகு கல்யாணப் போட்டோவைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். ஏணி இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பகலெல்லாம் அலுவலகம் அமைதியாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் மேஜைமேல் இருக்கும் போன் அலறத் தொடங்கும்.

"நெட் நத்தை மாதிரி ஊருதும்மா!"

"படம் நின்னு நின்னு வருது!"

எல்லாரையும்விட அதிகமாகக் கூப்பிடுபவர் மூலை வீட்டுப் பல் டாக்டர். "கதாநாயகனைத் தண்டவாளத்துல கட்டிப் போட்டிருக்காங்க. ரயில் வருது, வருது, அரை மணி நேரமா வந்துக்கிட்டே இருக்கு! அவனும் எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பான்?"

அம்மா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும்.

ஒரு நாள் அம்மா கணினி முன் உட்கார்ந்து எதையோ தேடித் தேடிப் பார்த்தார். பிறகு ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, "அப்பாடா!" என்று சாய்ந்துகொண்டார்.

"என்னம்மா பண்ணினே?" என்று கேட்டாள் கடுகு.

"நம்ம லைனும் ரோடு மாதிரிதான். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல வண்டி எடுத்துட்டு வந்துடறாங்க. இதுல சில பேரு வீட்டுக்கு வீடு பெரிய பெரிய ஃபைலா அனுப்பி வாங்கிக்கிறாங்க. அது லாரி மாதிரி. அந்த லாரியெல்லாம் ஓரமா, மெதுவாப் போகணும்னு சொல்லிட்டேன்."

"லாரிக்குள்ள என்ன இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? என்ன மாதிரி வண்டின்னு மட்டும் இந்த மெஷின் சொல்லும். உள்ள ஏதாவது திருட்டுப் படமா இருக்கும்."

"பார்த்தியா?"

"பார்க்கல. அதெல்லாம் பார்க்கவும் கூடாது. நீ போய் வீட்டுப் பாடம் எழுது."

அன்று மாலை போன் அவ்வளவாக அடிக்கவில்லை. அம்மா சூடாகத் தேநீர் குடித்தார். "போன் அடிக்கலைன்னா எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றார்.

ஆனால் அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் தையல் அக்கா அனுப்பியிருந்தார். 'என் ஃபைல் வரவில்லை.' அம்மா கணினியில் சோதித்துப் பார்த்து, 'உங்கள் லைன் நன்றாக இருக்கிறது' என்று பதில் அனுப்பினார். மறுநாள் மறுபடி அதே செய்தி. அம்மாவும் அதே பதிலை அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் செய்தி வந்தபோது, "மாமா, நேர்ல ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார்.

பள்ளி விடுமுறை. கடுகும் கூடவே ஒட்டிக்கொண்டாள்.

தையல் அக்காவின் வீட்டு முன்பக்கம்தான் கடை. ஏணி மாமா அழைப்பு மணியை அழுத்தினார். மணிச் சத்தமே கேட்கவில்லை. "பெல்லும் ரிப்பேர் போல" என்று மறுபடி அழுத்தினார். கடுகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. உடனே கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல் அக்கா நின்றார்.

"நெட்டு வரலையா?" என்றார் மாமா.

அக்கா தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்காது என்று கையை ஆட்டினார்.

"நெட்... டு... வர... லை... யா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மாமா.

அக்கா சிரித்துவிட்டார். கறுப்புத் துணித் துண்டு ஒன்றை எடுத்து, துணியில் அளவு குறிக்கும் சாக்குக் கட்டியால் எழுதிக் காட்டினார். 'கத்தினாலும் கேட்காது. எழுதினால் போதும்.'

மாமா அசடு வழிந்தார்.

உள்ளே, வெட்டிய துணிக் குவியலின் மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மகள். பட்டன் என்று செல்லப் பெயர். அவளுக்கும் காது கேட்காது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தன் கைபேசியில் வேகத்தைச் சோதித்தார். முள் விருட்டென்று வலது கோடிக்குப் போனது. ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தார். தங்கு தடையில்லாமல் ஓடியது. 'லைன் ஓகே' என்று துணியில் எழுதினார்.

அக்கா இல்லை என்று தலையசைத்து, திரையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு நீலக் கோடு. ஃபைல் வர வர அது நீளவேண்டும். கடுகு அதையே உற்றுப் பார்த்தாள். அது நகர்வதாகவே தெரியவில்லை.

கடுகு சாக்குக் கட்டியை வாங்கி, 'இது என்ன ஃபைல்?' என்று எழுதினாள்.

அக்கா எழுதினார், உள்ளங்கையால் துடைத்தார், மறுபடி எழுதினார்.

'கதை. கைகளால் சொல்லும் கதை.'

'எங்களைப் போலக் காது கேட்காத பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம். வாரம் ஒருவர் கதை சொல்லிப் படம் எடுப்போம். அதை எல்லாரும் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்வோம்.'

'விரல் அசைவுகூடத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் பெரிய ஃபைல்.'

பட்டன் கடுகின் சட்டையைப் பிடித்து இழுத்து, இதுவரை வந்திருந்த கொஞ்சத்தை ஓட்டிக் காட்டினாள். வழுக்கைத் தலை மாமா ஒருவர் திரையில் வந்தார். இரண்டு கைகளையும் அருகருகே நிமிர்த்தி வைத்தார். அது அலமாரி. கைகள் கடகடவென்று ஆடின. அலமாரி ஆடுகிறது! அவர் பூனை நடை நடந்தார். கதவைப் பிடித்தார். கண்களை அகல விரித்தார்.

அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது.

பட்டன் கடுகைப் பார்த்து இரு கைகளையும் விரித்தாள். அந்த மொழி கடுகுக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்தது. 'அப்புறம் என்ன ஆச்சு?'

வீட்டுக்கு வீடு அனுப்பும் பெரிய ஃபைல். கடுகுக்குச் சுருக்கென்றது. அம்மா ஓரம் கட்டி வைத்த லாரி இதுதான்!

திரும்பும் வழியில் ஏணி மாமா சொன்னார். "லைன்ல ஒரு கோளாறும் இல்ல, கடுகு. அவங்க கம்ப்யூட்டர்லதான் என்னமோ."

"இல்ல மாமா. கோளாறு நம்ம வீட்லதான்."

வீட்டுக்கு வந்ததும் கடுகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது.

"அப்படியா? போன் பண்ணி விவரமாச் சொல்லியிருக்கலாமே அவங்க..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார். கடுகும் அதைப் பார்த்தாள்.

"சரி, அவங்க வீட்டுக்கு மட்டும் திறந்து விட்டுடறேன்" என்றார் அம்மா.

"மத்த லாரியில எல்லாம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்போ ஒவ்வொரு வீடா நானும் மாமாவும் போய்க் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"என்னால முடியாது, சாமி. ஏணி கனக்குது" என்றார் மாமா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கவலை போகவில்லை. "எல்லாத்தையும் திறந்து விட்டா, சாயங்காலம் பழையபடி போன் அலறும். பெரிய லைன் போட இன்னும் கொஞ்ச மாசம் ஆகும். அதுவரைக்கும் என்னதான் பண்றது? நீயே சொல்லு."

கடுகு நகத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

"எங்க ஸ்கூல்ல குடிதண்ணிக் குழாய் ஒண்ணுதான் இருக்கு. கூட்டமா இருந்தா, ஆளுக்கு ஒரு பாட்டில்னு விளையாட்டு வாத்தியார் சொல்லிடுவாரு. குடிக்கவா, முகம் கழுவவான்னு கேட்க மாட்டாரு. கூட்டம் இல்லாதப்போ எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கலாம். நம்மளும் அப்படிப் பண்ணலாமில்ல? நெரிசல் நேரத்துல வீட்டுக்கு ஒரு பங்கு. அதுல அவங்க எதை வேணும்னாலும் பார்க்கட்டும், அனுப்பட்டும்."

அம்மா கணினிப் பக்கம் திரும்பினார். பட்டியல் பட்டியலாகத் தேடினார். "அட, இதுக்கும் வழி இருக்கு! நான்தான் கவனிக்கல."

பிறகு, எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் படத்தைத் திறந்தார். வீட்டுக்கு ஒரு கோடு. எல்லாக் கோடும் புல் மாதிரி இருக்க, ஒன்று மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"யாரு இது, லாரிக்காரரா?" என்றார் மாமா.

அம்மா எண்ணைப் பார்த்தார். "பல் டாக்டர்! படம் பார்த்தே இவ்வளவு இழுத்திருக்காரு."

அன்று மாலை அம்மா பழைய பொத்தானை அணைத்தார்; புதிய முறையைப் போட்டார். "இன்னைக்குப் போனை நான் எடுக்கறேன்" என்று கடுகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மணி அடித்தது.

"மறுபடியும் நின்னு நின்னு வருது! இந்தப் படத்துலயும் ஒருத்தன் தண்டவாளத்துல கிடக்கான்!" என்றது டாக்டரின் குரல்.

"டாக்டர் மாமா, உங்க வீட்ல எத்தனை டிவி ஓடுது?"

"அது... ஒரு நாலு இருக்கும்."

"யார் யார் பார்க்கறாங்க?"

"ஹால்ல நான். மாடியில என் மாமியார். சமையல்கட்டுல... யாரும் இல்ல, சும்மா ஓடுது. உள் ரூம்ல... இரு, பார்த்துட்டு வரேன்." செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "பூனை பார்க்குது."

"பூனைக்குப் பிடிச்ச படமா, மாமா?"

"தூங்குது."

"நெரிசல் நேரத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பங்குதான், மாமா. உங்க பங்கை நாலு டிவி பிடுங்கிக்குது. ரெண்டை அணைச்சுப் பாருங்களேன்."

செருப்புச் சத்தம் மறுபடி போய்த் திரும்பி வந்தது. பிறகு, "அட! ரயில் போயிடுச்சு! ஆளு தப்பிச்சுட்டான்!" என்று ஒரு கூச்சல். போன் வைக்கப்பட்டது.

இன்னும் சிலரும் கூப்பிட்டார்கள். ஒருவர், "எனக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடு, பாப்பா" என்று கெஞ்சினார். கால்பந்து பார்க்கும் அண்ணன் சமாதானம் ஆகவே இல்லை. "பெரிய லைன் வந்ததும் சரியாயிடும், அண்ணா" என்று கடுகு சொன்னதற்கு முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். ஆனாலும் பழைய அலறல் இல்லை.

அம்மாவின் கைபேசி 'டிங்' என்றது. தையல் அக்கா. 'வருகிறது! வேகமாக வருகிறது!'

மறுநாள் காலை மூன்று பேரும் தையல் கடைக்குப் போனார்கள். அம்மா சாக்குக் கட்டியை வாங்கி, கறுப்புத் துணியில் எழுதினார். 'தப்பு என்னுடையது. உங்கள் செய்தியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. மன்னியுங்கள்.'

அக்கா படித்தார். அம்மாவின் தோளில் தட்டினார். பிறகு அம்மாவின் கைப்பையைப் பார்த்துவிட்டு எழுதினார். 'பையில் தையல் விட்டிருக்கிறது. கொடுங்கள்.' அம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊசியில் நூல் கோத்தாயிற்று.

பட்டன் எல்லாரையும் துணிக் குவியலின் மேல் வரிசையாக உட்கார வைத்தாள். கதை தொடங்கியது. அலமாரி ஆடியது. வழுக்கைத் தலை மாமா கதவைப் பிடித்தார். கண்களை விரித்தார். கதவைத் திறந்தார்.

அவருடைய இரண்டு கைகளும் தலைமேல் நீண்ட காதுகளாக எழுந்தன. அலமாரிக்குள் ஒரு கழுதை! அதுவும் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் அழகு பார்க்கிறது!

கடுகு விழுந்து விழுந்து சிரித்தாள். ஏணி மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா மட்டும் "என்னது? முயலா?" என்று விழித்தார். பட்டன் படத்தை நிறுத்தினாள். அம்மாவின் கைகளைப் பிடித்து அவர் தலைமேலேயே காதுகளாக நிறுத்தி, கழுதைபோல வாயை இளித்துக் காட்டினாள்.

"ஓ, கழுதையா!" என்று அம்மா சிரித்த சிரிப்பில் துணிக் குவியலே குலுங்கியது.

கதை முடிந்தது. பட்டன் ஆட்காட்டி விரலை உயர்த்தினாள். இன்னொரு தடவை?

அம்மாவுக்கு அலுவலகத்தில் வேலை காத்திருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். பிறகு காலை நன்றாக மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் விரலையும் உயர்த்திக் காட்டினார்.