இறுகிய இழுப்பறை

மாலை நான்கு மணிக்கு டாக்டரம்மா நடு இழுப்பறையைத் திறந்தார். இறந்துபோன அம்மாவின் ஒற்றை வளையல் அதில் இல்லை. பூட்டில் கீறல் இல்லை. சாவி அவர் கழுத்துச் சங்கிலியிலேயே தொங்கியது.

ஐந்து மணிக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டரின் கண், பூட்டைவிட்டு மேஜையின் மேலேயே நின்றது. அன்று காலை வந்திறங்கிய மேஜை. ஓர் ஆணி கிடையாது. மூலைகளில் பலகைகள் புறா வாலாக விரிந்த பற்களால் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. இடையில் தாள் நுழையாது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று இழுப்பறைகள். நடுவில் இருப்பதற்கு மட்டும் பூட்டு. மற்ற இரண்டும் இன்னும் காலி.

"யார் செஞ்சது?"

"நான்தான் மேடம்." கதவோரம் நின்ற தச்சுக்காரி மறைக்கவில்லை. "மத்தியானம் மேல்பலகைக்கு மெழுகு போட வந்தேன். தனியாத்தான் இருந்தேன். டிராயருக்கு நடுவுல பலகை வைக்கலாம்னேன், வெயிட் கூடும்னு டாக்டரம்மாதான் வேண்டாம்னாங்க."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா, எந்த வீட்டுலயும் என்னை உள்ள விடமாட்டாங்க மேடம்."

"ஆணியில்லாம மாட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கழட்டத் தெரியாதா அண்ணி?" ஹால் சோபாவிலிருந்து கொழுந்தனின் குரல்.

இன்ஸ்பெக்டர் அவனிடம் போனார். "நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கயேதான். மேஜை வந்தப்போ தூக்கம், அப்புறம் டிவி. அந்த ரூம் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

"மேஜை எப்படி?"

"நாலு மாசம் இழைச்சாங்களாம். மேல் டிராயர் மாட்டிக்கிட்டு நிக்குது. கடையில வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல."

திருட்டுப் பழியைப் பொறுத்துக்கொண்டிருந்த தச்சுக்காரிக்கு இது பொறுக்கவில்லை. "மாட்டுதா? என் டிராயரா?"

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். மேலது இறுகியது. கீழது லொடலொடத்தது.

"காலையில எப்படி இருந்துச்சு டாக்டர்?"

"ஒரு விரலால தள்ளினேன். தண்ணி மாதிரி போச்சு."

இன்ஸ்பெக்டர் இரண்டையும் முழுதாக உருவினார். மேல் பொந்துக்குள் கையை விட்டார். பூட்டிய நடு இழுப்பறைக்குள் விரல்கள் தாராளமாக இறங்கின. பிறகு மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் செருகினார். இரண்டும் சத்தமின்றி உள்ளே போயின.

"கடை மேஜையில எந்த டிராயரும் எந்த இடத்துக்கும் போகும். இங்க ஒவ்வொண்ணும் அததோட பொந்துக்குன்னே மயிரிழை பார்த்து இழைச்சது. இழைச்சவங்க கண்ணைக் கட்டிவிட்டாலும் மாத்திச் செருகமாட்டாங்க. எந்தப் பக்கமா கை போகும்னு ரெண்டையும் உருவிப் பார்த்து, மேல் வழியா வளையலை எடுத்தவர்தான் அவசரத்துல மாத்திட்டார்." அவர் ஹால் பக்கம் குரலை உயர்த்தினார். "தலைவச்சுப் படுக்காத ரூம்ல டிராயர் மாட்டுறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தம்பி?"

கொழுந்தன் சோபாவிலிருந்து எழுந்தான். வளையல் சோபா மெத்தைக்கு அடியிலிருந்து வந்தது.

டாக்டரம்மா அதைக் கையில் போட்டுக்கொண்டு தச்சுக்காரியிடம் வந்தார். "அந்த நடுப்பலகை..." என்றார்.

"போட்டுத் தர்றேன். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. என் டிராயர் மாட்டுதா?"

டாக்டரம்மா மேல் இழுப்பறையைத் திறந்து, ஒற்றை விரலால் தள்ளினார். அது உள்ளே வழுக்கிச் செல்லச் செல்ல, அடைபட்ட காற்று தள்ளியதில் கீழ் இழுப்பறை தானாக இரண்டு விரற்கடை வெளியே வந்து நின்றது.

கிளம்பவேண்டிய இன்ஸ்பெக்டர், இன்னொரு முறை தள்ளச் சொன்னார்.