புது லீஸில் எழுதிய பெயர்

வீட்டை மதிப்பிட வந்த ரூஃபஸுக்கே மூன்றாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த கிளெண்டாவுக்கு அதைப் பார்த்து லேசாகச் சந்தோஷம்கூட வந்தது. மளிகைப் பையோடு அந்தப் படிகளை ஏறி ஏறியே அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன.

ஹேஸ்டிங்ஸ் கடலோரத்தில் நவம்பர் மாதப் பகல் பேருக்குத்தான் பகல். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது.

வீடு கிளெண்டாவுடையது, கட்டிடமும் மண்ணும் வேறொருவருடையவை. லீஸ் என்கிற நெடுங்காலக் குத்தகை தீர்ந்தால் வீடும் அவருக்கே போய்விடும். தீர இன்னும் அறுபது வருஷம் கிடக்கிறது என்றாலும், அவ்வளவு குறைந்த லீஸுக்கு எந்த வங்கியும் சுலபத்தில் கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் வரமாட்டார்கள். நீட்டித்தால் விற்கலாம். விற்றால் ஷ்ரூஸ்பரியில் தங்கை மோர்வென்னாவின் வீட்டுக்குப் போய், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

ரூஃபஸ் கூடத்தை அளந்தான், சமையலறையை அளந்தான். பின்னறைக் கதவைத் திறந்தவன் சட்டென்று மூடினான்.

“மன்னிச்சுக்குங்க மேடம். உள்ள அம்மா உட்கார்ந்திருக்காங்க, தட்டாம திறந்துட்டேன்.”

“அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க தம்பி. நீ பாட்டுக்கு அள.”

“உங்க அம்மாவா?”

“இந்த வீட்டை முதமுதல்ல வாங்கினவங்க. ஐரிஸ்னு பேரு. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே நாற்காலி முனகியது. அந்துருண்டை வாசனையும் நனைந்த கம்பளி வாசனையும் கதவிடுக்கில் கசிந்து வந்தன. பெருமூச்சு ஒன்று கேட்டது, வெகுநேரம் நின்று கால் வலித்தவர்கள் விடுவது போல.

வந்த புதிதில் கிளெண்டாவும் அலறியிருக்கிறாள். பிறகு விட்டுவிட்டாள். பயப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ரூஃபஸ் பின்னறையை அளக்கவில்லை. தேநீரையும் தொடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே பேசினான்.

“நீட்டிப்புன்னு சொல்றோமே தவிர, நிஜத்துல பழைய லீஸை ஒப்படைச்சிட்டுப் புதுசா ஒண்ணு எழுதுறதுதான் மேடம். இருக்கிற காலத்தோட இன்னொரு தொண்ணூறு வருஷம் சேரும்.”

“பழையது?”

“புதுசு எழுதுற அன்னிக்கே முடிஞ்சுபோயிடும். இப்ப அது ஐரிஸ் பேர்ல இருக்கு. எத்தனை கை மாறினாலும் முதல்ல எழுதின பேர்தான் அதுல நிக்கும். இனி உங்க பேர் நிக்கும்.”

அப்படியானால் கிழவியும் அன்றே போய்விடுவாள் என்று கிளெண்டா கணக்குப் போட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

புது லீஸ் கையெழுத்தாகிவிட்டதாக வக்கீல் ஒரு மதிய வேளையில் போன் செய்தார்.

பின்னறைக் கதவு தானாகத் திறந்தது.

ஐரிஸ் எழுந்து நின்றிருந்தாள். அவள் நின்று கிளெண்டா பார்த்ததே இல்லை.

“உன் பேர்லயா எழுதினாங்க?” குரல் காற்றைப் போல மெலிந்திருந்தது.

“ஆமா.”

“அடப் பாவமே.”

அந்தக் குரலில் கேலி இல்லை. கிளெண்டாவின் கன்னத்தை ஈரமான குளிர் ஒன்று தடவிவிட்டு வாசலைத் தாண்டிப் போனது. என்ன பாவம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் களைப்பு அவளைக் கேட்கவிடவில்லை.

வீடு வசந்தத்திலேயே விலைபோனது. டெம்பரன்ஸ் என்ற இளம்பெண் வாங்கினாள். கிளெண்டா ஷ்ரூஸ்பரிக்கு வந்து சேர்ந்தாள். மோர்வென்னா நல்ல மெத்தையாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தாள். அதில் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. நாளுக்கு நாள் உடம்பு ஓய்ந்து வந்தது, பாதி உடம்பை எங்கோ விட்டுவிட்டு வந்தது போல.

ஒரு நாள் பகலில் சோபாவிலேயே கண் சொக்கியபோது போன் அடித்தது.

“கிளெண்டா மேடம், டெம்பரன்ஸ் பேசுறேன். தப்பா எடுத்துக்காதீங்க.” அவள் கிசுகிசுத்தாள். “நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“தங்கச்சி வீட்டுல. ஏன்மா?”

மறுமுனையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஏன்மா, என்ன ஆச்சு?”

“அப்போ… பின்னறையில உட்கார்ந்திருக்கறது யாரு?”

கிளெண்டா எழுந்து உட்கார்ந்தாள். போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

தூரத்தில் கடல் இரைந்தது. நாற்காலி முனகியது. பிறகு ஒரு குரல் கேட்டது. அது அவளுடைய குரலேதான்.

“போனை வச்சுடு கண்ணு. அவ கொஞ்சம் தூங்கட்டும்.”