பாதித் திட்டு

என் அம்மா மாரீஸ்வரிக்கு என்னைத் திட்டக்கூட மூச்சுப் போதாது.

"ஏடி தீக்ஷா, யூனிஃபார்மைக் கழட்டி இப்படியா..." என்று ஆரம்பிப்பாள். அதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். சுவரைப் பிடித்துக்கொள்வாள். மீதித் திட்டை எனக்கு நானே சொல்லி முடித்து, சட்டையை மடித்து வைப்பேன்.

கோட்டையூரில் ஒரு பலகாரக் கடையில் அம்மா முறுக்குப் பிழிகிறாள். அடுப்புப் புகை அவளுக்கு ஆகவில்லை. ஆஸ்துமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, கேப்சூல் மாத்திரைகளும் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொடுத்தார்கள்.

"ஒரே ஒரு மாத்திரைதான் பிடிக்குது. எவன் செஞ்சான் இந்த டப்பாவை?" என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். ஆனாலும் சாயங்கால மாத்திரையை அதில்தான் கடைக்கு எடுத்துப் போவாள். தண்ணீர் ஊற்றி விழுங்குவாள். மூச்சிரைப்பு மட்டும் குறையவே இல்லை.

சனிக்கிழமை மறுபடியும் போனோம். டவுன் பஸ்ஸிலேயே எச்சரித்தாள். "டாக்டரம்மா முன்னாடி வாயைத் திறக்காத."

அவளும் திறக்கவில்லை. டாக்டர் எது சொன்னாலும் ஒரே பதில்தான்.

"மருந்தை நல்லா உள்ள இழுக்கிறீங்களா?"

"சரிங்க."

"அப்பவும் இவ்வளவு இரைக்குதே. சிவகங்கைக்கு எழுதித் தர்றேன். பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்து பாருங்க."

"சரிங்க" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாத்திரையை யாராவது இழுப்பார்களா?

"டாக்டர், மாத்திரையை இழுக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"பாப்பா, பெரியவுக பேசுறப்ப குறுக்க பேசாத. வெளிய போய் உக்காரு" என்றார் நர்ஸ் மீனாள்.

"போக மாட்டேன். எங்கம்மா புரியாமலே சரிங்கன்னு சொல்றாக. மாத்திரையை எப்படிப் போடுறாகன்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க. அதைப் பாத்துட்டு அப்புறமா சிவகங்கைக்கு அனுப்புங்க."

மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பிடியை விடவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "சரி, செஞ்சு காட்டுங்கம்மா."

அம்மா டப்பாவைத் திறந்தாள். மாத்திரையை வாயில் போடப் போனவள், தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

"நில்லுங்க. இத்தனை நாளும் முழுங்கினீங்களா?" என்றார் டாக்டர்.

"மாத்திரையை வேற என்ன செய்ய?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான்.

வரிசையில் நின்ற எங்கள் தெருச் சேவுகன் மாமா கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அவர் கையிலும் அதே டப்பா. "நானும் தண்ணி ஊத்தித்தான் முழுங்குறேன்" என்றார்.

டாக்டர் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது டப்பா இல்லம்மா. மருந்தை இழுக்கிற கருவி. மாத்திரையை இதுக்குள்ள வச்சுத் திருகினா உடையும். உள்ள இருக்கிற பொடியை மூச்சோட இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கணும்."

அம்மா முதல் தடவை இழுப்பதற்குப் பதில் ஊதிவிட்டாள். பொடி பறந்து மீனாள் அக்கா தும்மினார். அடுத்த தடவை சரியாக இழுத்தாள். சிவகங்கைக்குச் சீட்டு எழுதுவதை டாக்டர் தள்ளி வைத்தார். இப்படியே இழுத்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, நாங்க சரிங்கன்னு சொன்னா இனிமே நம்பாதீக. செஞ்சு காட்டச் சொல்லுங்க. காட்டத் தெரியாத யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீக."

"மகளுக்கு ஏத்த அம்மாதான்" என்று டாக்டர் சிரித்தார். மீனாள் அக்காவும் தலையாட்டினார்.

"சேவுகண்ணே, இங்குட்டு வாங்க. நான் காட்டித் தர்றேன்" என்று அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை நடுவீட்டில் எறிந்தேன்.

"ஏடி தீக்ஷா, பையை வைக்கிற இடமாடி இது, டாக்டரம்மாகிட்ட அம்புட்டு நியாயம் பேசத் தெரியுது, ஒரு பையை ஆணியில மாட்டத் தெரியல, நாளைக்கு டிபன் பாக்ஸ் நாறிக் கிடந்தா நான் கழுவ மாட்டேன், சொல்லிட்டேன்."

முழுத் திட்டையும் அம்மா ஒரே மூச்சில் முடித்திருந்தாள். சுவரைப் பிடிக்கவே இல்லை.

நான் பையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா" என்றேன்.