தாண்டிப்போன பேச்சு

மூன்று வருஷம் செவ்வாய்க் கோளில் சுரங்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய கோமதிநாயகத்துக்குக் கோவில்பட்டியில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்றியது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, மிக்ஸி ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுவது, எல்லாம் கேட்டாயிற்று. முதல் நாள் காலை மனைவி செண்பகவல்லி தோசை வார்த்துக்கொண்டே எதிர்வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அதான் கேட்டேனே. கடைசியில மாமியார்தானே எறங்கி வந்தாங்க?" என்றான்.

"முடிவையும் நீங்களே சொல்லிட்டீங்க. பெறகு நான் எதுக்கு?" என்று அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

வெளியூரிலோ வேற்றுக்கோளிலோ ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான். சுவரில் ஒரு தொகுப்பி இருக்கும். நாள் முழுக்க வீட்டுப் பேச்சைக் கேட்டு, அரை மணி நேரச் செவித்தொடராகக் கோத்து, அன்றன்றைக்கு அனுப்பிவிடும். வேண்டியவர்கள் சந்தா சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். வானொலிக்கு உட்காருவது போல நேரம் பார்க்க வேண்டாம். தினமும் தேடிப் போகவும் வேண்டாம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் புதிய பகுதி தானாக வந்து காதிலுள்ள செவிமணியில் காத்திருக்கும். ஒழிந்த நேரத்தில் கேட்கலாம்.

செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவே பல நிமிஷம் ஆகும். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் கேட்டவனுடைய சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே இருவரும் நேரடியாகப் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்குச் சந்தாதாரன். அவள் அவனுடைய சுரங்க அறைக்குச் சந்தாதாரி. சொல்ல வேண்டியதை அவரவர் சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும்.

அலுப்பாக இருந்தால் காதுமடலை இரண்டு தட்டுத் தட்டலாம். செவிமணி அந்தப் பேச்சைத் தாண்டிவிடும். தொகுப்பி அதையும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பகுதிகளில் அந்த மாதிரிப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். கேட்பவர் மனசறிந்து நடக்கிற இயந்திரம் என்று அதற்கு நல்ல பெயர்.

தோசை முடிவதற்குள் வாசலில் அழைப்பு மணி அடித்தது. அளவு நாடாவும் கையுமாக ஒரு ஆள் உள்ளே வந்து, தன் பெயர் ஜெபராஜ் என்றும், பீரோ இந்தச் சுவரோரம் நிற்குமா என்று பார்த்துவிட்டு ஓடிவிடுவதாகவும் சொன்னான். அளந்துகொண்டே கோமதிநாயகத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணாச்சியும் அக்காகூட அஸ்ஸாம் போறீங்களா, இல்ல நேரா செவ்வாய்க்குத்தானா?"

கோமதிநாயகம் டம்ளரைக் கீழே வைத்தான். "எந்த அஸ்ஸாம்?"

"வெளையாடாதீங்க அத்தான்," என்றாள் செண்பகவல்லி. "நாலு மாசமா சொல்லிக்கிட்டுல்லா இருக்கேன். அங்க விதைப் பரிசோதனை நிலையத்துக்கு என்னையத் தலைமையா போட்டிருக்காங்க. அடுத்த மாசம் சேரணும். வீட்ட இவங்களுக்கு வாடகைக்குப் பேசியிருக்கு."

"நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். இனிமே இந்த வீட்டுலதான்னு, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே சொன்னேனே."

"லீவுல வாரீங்கன்னுல்லா நெனச்சேன். யார்ட்ட சொன்னீங்க?"

"சுவத்துக்கிட்டத்தான்."

ஜெபராஜ் நாடாவைச் சுருட்டிக்கொண்டான். வேறொரு வீடும் பார்த்து வைத்திருப்பதாகவும், நாளைச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது என்றும் வாசற்படியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனான்.

செண்பகவல்லி தொகுப்பியிடம் விவரம் கேட்டாள். அது எப்போதும் போல நிதானமாகப் பதில் சொன்னது.

"இரண்டு செய்திகளும் பதிவில் உள்ளன. சந்தாதாரர்கள் விருப்பப்படி நீக்கப்பட்டன. கோமதிநாயகத்துக்கு அலுவலகப் பேச்சு. செண்பகவல்லிக்குச் சுரங்கப் பேச்சு."

கோமதிநாயகத்துக்குக் காதுமடலை முதன்முதலாகத் தட்டியது நினைவிருந்தது. துளையிடும் எந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, பல்லிடுக்கெல்லாம் செம்மண்ணாக வந்து படுத்திருந்தான். செண்பகவல்லி, மேலதிகாரி தாணுமாலயன் பருத்தி விதை மாதிரிகளைத் திருப்பி அனுப்பியதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். தட்டினான். மறுநாளும் அதே புலம்பல், தட்டினான். சில வாரங்களில் தாணுமாலயன் பெயரே வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டான். அவளுடைய சிரிப்பு, தாளிக்கிற சத்தம், மழை இவைதான் வந்தன. அவள் நன்றாக இருக்கிறாள் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கினான். இதை மறைக்காமல் அவளிடம் சொன்னான்.

"நானும் அப்படித்தான் தட்டியிருக்கேன்," என்றாள் அவள். "சொரங்கத்தப் பத்தி நீங்க பேசுறது நின்னுபோச்சு. பழகிட்டாருன்னு நெனச்சேன். ஒரு நாளாவது அஸ்ஸாம் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒண்ணும் வரல. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

அவனும் அதே கணக்கில்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியிருந்தான்.

செண்பகவல்லி எழுந்து தொகுப்பியை அணைத்தாள். வீடு வித்தியாசமாக இருந்தது. இனிப் பேசினால் எதிரே இருப்பவருக்கு மட்டும்தான். நான் வருவதா, நீ நிற்பதா என்பதை இன்றைக்கே முடிவு செய்வோம், அதற்கு முன் ஆபீஸில் நடந்ததை முதலிலிருந்து சொல் என்று கோமதிநாயகம் கேட்டான். நிஜமாகவே கேட்க வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாதிரிகள் எப்படி வரும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், தாணுமாலயன் எதற்கெடுத்தாலும் எப்படி மூக்கை நுழைப்பார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் பார்வை போன இடத்தைக் கவனித்தான். தன் விரல் காதுமடலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கை தானா போகுது, செண்பகம்," என்றான்.

"சரி, நீங்க சொல்லுங்க."

அவன் சுரங்கத்தைச் சொன்னான். துளையிடும் எந்திரத்தின் பல் எப்படித் தேயும் என்பதற்கு வருவதற்குள் அவளுடைய கை தோள்வரை உயர்ந்துவிட்டது. அவளே அதைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கீழே இறக்கினாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

பிறகு செண்பகவல்லி நாற்காலியை நகர்த்தி, முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்து, அவனுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரி, மூன்று வருஷப் பிரிவு அல்லவா என்று நினைத்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டாள்.

"மொதல்லேர்ந்து வாரேன்," என்றாள் செண்பகவல்லி.

தாணுமாலயன் பெயர் வந்த இடத்தில் கோமதிநாயகத்தின் வலது கை ஒருமுறை துள்ளியது. அவள் பிடியை இறுக்கிக்கொண்டு மேலே சொன்னாள்.